உலக நிலவரம் படித்த மாப்பிள்ளை

சென்றாயனுக்குக் கோபம் வந்துவிட்டது. இது ஒன்றும் புதுச் செய்தி இல்லை. பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் விதைக்கடை வைத்திருக்கும் சென்றாயனுக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை கோபம் வரும். மழை பெய்தால் வரும். பெய்யாவிட்டால் இரண்டு மடங்கு வரும். ஆனால் அந்தச் சனிக்கிழமை, மகள் கலைமதியின் பள்ளிக்கூடத்தில் வந்த கோபம் வேறு ரகம். அதில் பயமும் கலந்திருந்தது. அதனால் சத்தம் கொஞ்சம் கூடுதல்.

நடந்தது இதுதான். ஒண்ணாங்கிளாஸ் டீச்சர், பெற்றோர் கூட்டத்தில் கலைமதியைக் கூப்பிட்டு இங்கிலீஷ் பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். குழந்தை மூச்சு விடாமல் ஒரு பக்கம் முழுக்க ஒப்பித்தது. சென்றாயன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். டீச்சர் சிரித்தபடி, அந்தப் பக்கத்தில் அச்சாகியிருந்த பூனைப் படத்தின் மேல் ஒரு நாய்ப் படத்தை வைத்தார். கீழே எழுத்து அதே எழுத்து. கலைமதி கொஞ்சமும் யோசிக்காமல், பூனை வர வேண்டிய இடத்திலெல்லாம் நாயைப் போட்டு வாசித்தது. டீச்சர் படத்தை உள்ளங்கையால் மூடினார். குழந்தை வாயை மூடிக்கொண்டது.

"படத்தைப் பாத்துதான் சொல்றா சார். எழுத்தைப் பாக்கறதே இல்ல."

"அப்ப நீங்க எதுக்கு இருக்கறீங்க?" என்று சென்றாயன் எழுந்தான்.

"ஒரு கிளாஸ்ல நாப்பது பேர் சார். வூட்ல யாராவது பக்கத்துல உக்காந்து படிக்க வெக்கணும். முடியலன்னா ஒரு ஃபோனிக்ஸ் டீச்சர் பாருங்க. எழுத்தோட சத்தத்தை வெச்சு சேத்துப் படிக்கச் சொல்லிக் குடுப்பாங்க."

"சத்தந்தான வேணும்? நான் போடறேன் சத்தம்!"

போட்டான். பக்கத்து வகுப்பிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவன் மனைவி பானுமதி, குழந்தையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டீச்சரிடம் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

வண்டியில் வரும்போதுதான் பின்னாலிருந்து அந்தக் கேள்வி வந்தது.

"ஏங்க, வெளிய எதுக்கு ஆள் தேடணும்? நீங்கதான் இங்கிலீஷ்ல புலியாச்சே. நீங்களே கொஞ்ச நேரம் உக்காந்து சொல்லிக் குடுங்களேன்."

சென்றாயன் ஹாரனை அமுக்கினான். எதிரே ஆளும் இல்லை, ஆடும் இல்லை. இருந்தாலும் அமுக்கினான்.

உண்மையைச் சொல்லிவிடுவோம். சென்றாயனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தமிழ்ப் பேப்பரை எட்டுக் கட்டையில் வாசிப்பான். விதைச் சட்டத்தைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவான். இங்கிலீஷில் ஏ-யிலிருந்து இசட் வரைக்கும் தனித்தனியாகத் தெரியும். இரண்டு எழுத்து ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் அவனுக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பத்தாவது பரீட்சையில் பாஸ் ஆனது முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் புண்ணியம்.

இதை ஏன் மறைத்தான்? அதற்குப் பத்து வருஷம் பின்னால் போக வேண்டும். பொம்மிடியில் பானுமதியைப் பெண் பார்க்கப் போன அன்று, பெண் காலேஜ் முடித்தவள் என்று தரகர் வழியில்தான் சொன்னார். சென்றாயனுக்குப் பயம் வந்துவிட்டது. பொம்மிடி ஸ்டேஷன் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு இங்கிலீஷ் பேப்பர் வாங்கி அக்குளில் வைத்துக்கொண்டான். பெண் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதை அகலமாக விரித்தான். பானுமதி காபித் தட்டோடு எதிரே வந்து குனிந்தபோது, அவள் அப்பா கேட்டார்: "மாப்பிள்ளை, பேப்பர்ல என்னா போட்டிருக்கான்?"

சென்றாயன் பேப்பரை மடித்தான். பெருமூச்சு விட்டான். "ஒலக நெலவரமே சரியில்லீங்க மாமா" என்றான்.

அந்த ஒரு வரியில் கல்யாணம் நிச்சயமானது என்பது அவனுடைய உறுதியான நம்பிக்கை. அன்றிலிருந்து அந்தப் பெயரைக் காப்பாற்ற அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. பாங்கில் இங்கிலீஷ் பாரம் கொடுத்தால் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்வான். அதற்காகவே, கண்ணில் ஒரு குறையும் இல்லாத மனிதன், தருமபுரிக்குப் போய் பவரே இல்லாத ஒரு கண்ணாடி வாங்கினான். போட்டுக்கொள்வதற்கு இல்லை, மறந்துவிட்டு வருவதற்கு. அப்படியும் யாராவது துருவிக் கேட்டால் இருக்கவே இருக்கிறது கோபம். கத்துகிற மனிதனிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை என்பதை அவன் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு இங்கிலீஷ் பேப்பர் வரும். சென்றாயன் கூடத்தில் உட்கார்ந்து அதை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, படங்களைப் பார்த்து "ச்சே!" என்பான். ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு "ச்சே!". பானுமதி காபியை வைத்துவிட்டுக் கேட்பாள்: "ஒலக நெலவரம் எப்படிங்க?"

"மோசம்" என்பான்.

பத்து வருஷமாக ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் கேட்டாள். மனைவிக்குத்தான் தன்மேல் எவ்வளவு மரியாதை என்று அவன் ஒவ்வொரு தடவையும் பூரித்துப் போவான்.

பள்ளிக்கூடத்துச் சண்டைக்கு மறுநாளும் ஞாயிறு. மூன்றாவது "ச்சே!" சொல்லிக்கொண்டிருக்கும்போது வாசலில் வெங்கடாசலம் வந்து நின்றார். மெணசி பக்கம் அரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி, பழைய வாடிக்கையாளர். கையில் வேரோடு பிடுங்கிய ஒரு செடி. அதில் குண்டு குண்டாக நாலு காய்.

"சென்றாயா, நான் உங்கிட்ட என்னா வெத கேட்டன்?"

"மொளகா."

"இது என்னா?"

"மொளகாதான். நல்லா போஷாக்கா வளந்திருக்குது."

"கடிச்சிப் பாருய்யா! காரமே இல்ல!"

"வாய்ப்புண்ணு இருக்கறவங்களுக்கு நல்லதுண்ணா."

"அரை ஏக்கரும் இதேதான்யா காச்சிருக்குது! சந்தைக்குக் கொண்டு போனா, குடமொளகா எவன் கேட்டான்னு சிரிக்கறாங்க!"

இந்த இடத்தில் சென்றாயன் கடை நடத்தும் முறையைச் சொல்ல வேண்டும். அவன் கடையில் எந்தப் பாக்கெட்டையும் படித்து எடுப்பதில்லை. தக்காளிப் படம் போட்டது தக்காளி, கத்தரிப் படம் போட்டது கத்தரி. ஒரே காயில் நாலு ரகம் இருந்தால் நிறம்: பச்சைப் பட்டை, நீலப் பட்டை. வாங்குகிற விவசாயியும் "அந்த மஞ்ச பாக்கெட்டு குடு" என்றுதான் கேட்பார். எல்லாம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு கம்பெனிக்காரன் பாக்கெட்டை மாற்றினான். மிளகாய், குடைமிளகாய், வெண்டை, பூசணி எல்லாவற்றுக்கும் ஒரே படம்: தலைப்பாகை கட்டிய ஒரு விவசாயி ஈ என்று சிரிக்கிறான். கீழே இங்கிலீஷில் பெயர். வெண்டையும் பூசணியும் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். மிளகாயும் குடைமிளகாயும் அண்ணன் தம்பி மாதிரி. எடுத்துக் கொடுத்தாயிற்று.

"கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்! அவன சும்மா வுடமாட்டன்!" என்று சென்றாயன் தாண்டிக் குதித்தான். "கேஸ் போடறன்! அந்தப் பாக்கெட்டு எங்க?"

வெங்கடாசலம் மடியிலிருந்து காலிப் பாக்கெட்டை எடுத்தார். அதை வாங்கியது பானுமதி. முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள். கணவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பாக்கெட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கேஸெல்லாம் வேணாங்க" என்றாள். "அண்ணா, மன்னிச்சிக்கோங்க. நல்ல வெத நாங்க தரோம். இந்தக் காயை சேலத்துல ஓட்டலுக்கு எடுக்கறவங்க இருக்காங்க, எங்கப்பாகிட்ட சொல்லி அனுப்பி வுடச் சொல்றன்."

அனுப்பிவைத்தாள். விற்காமல் மிஞ்சியது இவர்கள் வீட்டுக்கு வந்தது. பத்து நாள் குடைமிளகாய்ப் பொரியல். சென்றாயன் ஒவ்வொரு வாய்க்கும் கம்பெனியைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டான். பானுமதி மறுசோறு போட்டாள்.

அந்தப் பத்து நாளில் சென்றாயன் தீவிரமாக ஃபோனிக்ஸ் டீச்சர் தேடினான். தேட வேண்டிய அவசரம் அவனுக்குத்தான். குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்க வேறு ஒரு ஆள் வந்துவிட்டால், "நீங்களே சொல்லிக் குடுங்களேன்" என்ற பேச்சு இந்த வீட்டில் எழாது. அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது, அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நாய்ப் படம் வைத்ததும் கலைமதி நாய் என்று படித்தாளே, அந்த நிமிஷம் அவன் பயந்துபோனான். மகள் தன்னை மாதிரியே வந்துவிட்டாளோ என்று.

முதலில் செல்போனில் ஒரு சென்னை டீச்சர். முதல் வகுப்பிலேயே அந்த அம்மா, "அப்பா, நீங்களும் பக்கத்துல உக்காருங்க. இந்த வார்த்தையை முதல்ல நீங்க வாசிங்க, குழந்தை திருப்பிச் சொல்லட்டும்" என்றது.

"ஹலோ? ஹலோ? கேக்கல!" என்றான் சென்றாயன்.

"எனக்கு நல்லா கேக்குதே சார்."

"இங்க டவர் இல்லம்மா!" என்று கத்திவிட்டு அணைத்தான்.

பானுமதி எட்டிப் பார்த்தாள். "டவர் ஃபுல்லா இருக்குதேங்க."

"இப்ப இருக்கும். பேசறப்ப இருக்காது. சித்தேரி மலை மறைக்குது!"

அடுத்தது தருமபுரியில் ஒரு சென்டர். மூன்று பேரும் பஸ் ஏறிப் போனார்கள். சுவரெல்லாம் பொம்மை. சேர்க்கை பாரம் இரண்டு பக்கம், இங்கிலீஷில். "அப்பாவோட கையெழுத்துலதான் நிரப்பணும், குழந்தையைப் பத்தி நீங்க நாலு வரி எழுதணும்" என்றார் அங்கிருந்தவர். சென்றாயன் சட்டைப் பையைத் தடவினான். கண்ணாடியை மறந்துவிட்டான்.

"இந்தாங்க" என்று பானுமதி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நீட்டினாள். "மறந்துட்டு வந்துட்டீங்க. நான் எடுத்தாந்தன்."

சென்றாயன் கண்ணாடியைப் பார்த்தான். பாரத்தைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான்.

"செருப்ப வெளிய வுடச் சொல்றீங்களே, தொலஞ்சா யார் பொறுப்பு?"

"சார், அது வந்து..."

"பொறுப்பு எடுக்கத் தெரியாத எடத்துல எம் பொண்ணு படிக்காது! எந்திரி கலை!"

பஸ்ஸில் திரும்பும்போது பானுமதி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: "செருப்பு மேல அத்தினி பாசங்களா?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவளே பேச்சை எடுத்தாள். "பொம்மிடியில எங்க தெரு ஆரோக்கியராஜ் அண்ணன் பொண்ணு சுசித்ரா இருக்குது. டீச்சர் ட்ரெயினிங் முடிச்சி, ஃபோனிக்ஸும் படிச்சிட்டு வேலைக்குக் காத்துகினு இருக்குது. ஆனா அது வேணாங்க."

"ஏன் வேணாம்?"

"ரொம்ப சாது. வாயே தெறக்காது. பெத்தவங்கள ஒரு வார்த்த கேக்காது. உங்களக் கண்டா பயந்து நடுங்கும். நமக்கு ஸ்ட்ராங்கான டீச்சரா வேணும்."

பெற்றவர்களை ஒரு வார்த்தை கேட்காத டீச்சர்! சென்றாயனுக்குள் ஒரு மணி அடித்தது. "எது வேணும், எது வேணாம்னு எனக்குத் தெரியும்" என்று கர்ஜித்துவிட்டு, மறுநாள் காலையிலேயே வண்டியை பொம்மிடிக்கு விட்டான். சுசித்ராவிடம் நிபந்தனையைச் சொன்னான்: சாயந்தரம் அஞ்சு மணி, வீட்டுக்கு வர வேண்டும், குழந்தையின் அம்மா பக்கத்தில் இருப்பாள், பெற்றவர்களை எதுவும் கேட்கக் கூடாது.

"கேக்க மாட்டங்கண்ணா" என்றது அந்தப் பெண், தலையைக் குனிந்துகொண்டு. பொண்ணு உண்மையிலேயே சாதுதான் என்று நினைத்துக்கொண்டான். குனிந்த தலை எதற்காகக் குனிந்தது என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

வெற்றியோடு வீடு வந்து சேர்ந்தான். பானுமதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அஞ்சு மணியா? அஞ்சு மணிக்கு நான் சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போவணுமேங்க!"

"அப்ப ஆறு மணி."

"ஆறு மணிக்கு மேல அந்தப் பொண்ணு எந்த பஸ்ல பொம்மிடி போவும்?"

"அப்ப நீ பாலை..."

"மாடு என்னைத் தவிர யாரையும் கிட்ட சேக்காது. உங்களயும் ஒதைச்சிச்சே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. இடது முழங்கால் இன்னும் மறக்கவில்லை.

"அதனால ஒண்ணும் இல்ல" என்றாள் பானுமதி. "பால் ஊத்திட்டு நான் நேரா கடையில போய் உக்காந்துக்கறன். நீங்க அந்த ஒரு மணி நேரம் வூட்ல இருங்க. சும்மா உக்காந்திருங்க, போதும். வயசுப் பொண்ணும் கொழந்தையும் தனியா இருந்தா நல்லாவா இருக்கும்?"

சும்மா உட்காருவதற்கு என்ன? சென்றாயன் சம்மதித்தான்.

முதல் நாள் சுசித்ரா அட்டையில் எழுதிய ஆறு எழுத்தைக் கொண்டுவந்தது. எஸ், ஏ, டி, பி, ஐ, என். சென்றாயனுக்கு உடனே பொத்துக்கொண்டு வந்தது.

"ஏபிசிடின்னு வரிசை இருக்கறப்ப எஸ்ல ஆரம்பிக்கறது என்னாம்மா படிப்பு? வூடு கட்டறவன் ஓட்டுல ஆரம்பிப்பானா?"

"இந்த ஆறு எழுத்த வெச்சே நெறைய வார்த்தை சேக்கலாங்கண்ணா." அதற்கு மேல் அது பேசவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. வகுப்பு முடியும்போது கலைமதியிடம் மட்டும் சொன்னது: "பாப்பா, கத்துக்கிட்டத வேற ஒருத்தருக்குச் சொல்லிக் குடுத்தாத்தான் மனசுல நிக்கும். தெனமும் கடைசி இருவது நிமிஷம் நீதான் டீச்சர். அப்பாதான் ஸ்டூடண்ட். அப்பாவுக்கு எல்லாந் தெரியும். ஆனா உனக்காக ஒண்ணுமே தெரியாத மாதிரி நடிப்பாரு. நடிப்பீங்கல்ல அண்ணா?"

தெரியாத மாதிரி நடிப்பதா! சென்றாயனுக்குச் சிரிப்பு வந்தது. அவனை மாதிரி அதை நடிக்க இந்த மாவட்டத்திலேயே ஆள் கிடையாது.

"தரையில உக்காரு" என்றது கலைமதி, அடிஸ்கேலை எடுத்துக்கொண்டு. "கையக் கட்டு. இது என்னா?"

"எஸ்."

"தப்பு."

"எஸ்தாண்டி!"

"அது பேரு. சத்தம் என்னா? உம் பேரு சென்றாயன். உன் சத்தம் 'ஏய்ய்'. இதோட பேரு எஸ். இதோட சத்தம் ஸ்ஸ்ஸ். சொல்லு."

சென்றாயன் சீறினான். பாடத்துக்காகவும் கொஞ்சம் கோபத்துக்காகவும்.

நாலாவது நாள் மூன்று எழுத்தை ஒட்டி வைத்துவிட்டு, "வெரல் வெச்சிப் படி" என்றது. ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரல் நகர வேண்டும், வாய் கூடவே போக வேண்டும். ப்... இ... ன்... விரல் கடைசி எழுத்துக்கு வந்து நின்றபோது சென்றாயனின் வாயிலிருந்து "பின்" என்று வந்து விழுந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் யாரும் சொல்லாமல், படம் பார்க்காமல், இங்கிலீஷில் அவனாக ஒரு வார்த்தையைப் படித்தது அதுதான் முதல் தடவை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் நடிப்புதான்" என்று யாரும் கேட்காமலே சுசித்ராவிடம் சொன்னான்.

"சூப்பரா நடிக்கறீங்கண்ணா."

தினமும் கடையிலிருந்து வந்ததும் பானுமதி விசாரிப்பாள். "இன்னிக்கு நடிப்பு எப்படிங்க?"

"பிச்சி ஒதறிட்டன். சுத்தமா தெரியாதவன் மாதிரியே தடுமாறுனன்."

"உங்களுக்கு அது கைவந்த கலையாச்சே."

இந்த ஒரு பாராட்டில் ஏதோ உறுத்தியது. ஆனால் யோசிக்க நேரமில்லை. மறுநாள் பாடம் இருந்தது. சி-யும் எச்-சும் சேர்ந்தால் இரண்டும் தங்கள் சத்தத்தை விட்டுவிட்டு வேறு ஒரு சத்தம் போடும் என்று மகள் சொன்னதைக் கேட்டு அவனுக்கு மறுபடியும் ஆத்திரம் வந்தது. இந்த அக்கிரமத்தைக் கேட்க ஆளே இல்லையா? கேட்க ஆளில்லாததால் மனப்பாடம் செய்தான். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பிஸ்கெட் உறையை விரல் வைத்துப் படித்தான். சோப்பு டப்பாவைப் படித்தான். ஷட்டரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, இத்தனை நாளும் தன் கடை வாசலில் ஒரு பல் டாக்டரின் விளம்பரம் இருந்திருக்கிறது என்று தெரிந்து ஆவேசமாகக் கிழித்தான்.

மூன்றாவது மாசம் ஒரு காலை. கடையைத் திறந்தவன் அலறிவிட்டான். பாக்கெட் எல்லாம் இடம் மாறியிருந்தன. சிரிக்கிற விவசாயி வரிசையாக நாற்பது பேர் நின்று அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். போனைப் போட்டான்.

"யாருடி கடையில கை வெச்சது?"

"தூசி தட்டுனங்க. ஒரே கம்பெனி பாக்கெட்ட ஒரே எடத்துல அடுக்கி வெச்சன். பேருதான் போட்டிருக்கே, படிச்சி எடுத்துக்கோங்க."

அவன் திட்ட ஆரம்பிப்பதற்குள் கல்லா முன்னால் பச்சியப்பன் என்ற விவசாயி வந்து நின்றார். "மொளகா வெத ஒரு பாக்கெட்டு குடுப்பா. வெங்கடாசலத்துக்குக் குடுத்த மாதிரி குடுத்துராத."

சென்றாயனுக்கு அரை ஏக்கர் குடைமிளகாய் கண் முன்னால் வந்தது. கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். நாளைக்கு வா என்று கத்தலாம். இரண்டுக்கும் வாய் வரவில்லை. திரும்பி நின்றுகொண்டான். முதுகு மறைக்க, ஒரு பாக்கெட்டின் மேல் விரலை வைத்தான். சி-யும் எச்-சும் கூட்டாளிகளாக முதலில் நின்றன. ச்... இ... ல்... லி.

"சில்லி" என்றான் மெதுவாக. பிறகு பச்சியப்பன் பக்கம் திரும்பி, "சில்லி!" என்று பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும்படி கத்தினான்.

"எதுக்குப்பா இப்படிக் கத்தற? மொளகாதான கேட்டன்?"

அன்று மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போய், கடையில் கை வைத்ததற்காக பானுமதியைப் பதினைந்து நிமிஷம் திட்டினான். இவ்வளவு சந்தோஷமாக அவன் அதற்கு முன்னால் யாரையும் திட்டியதில்லை.

அடுத்த ஞாயிறு கடைசி வகுப்பு. சுசித்ராவுக்கு ஓசூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. ஞாயிறு என்பதால் காலையிலேயே வந்திருந்தது. பானுமதியும் வீட்டில் இருந்தாள். கலைமதி புதுப் புத்தகத்தை எடுத்து, படங்களைத் தன் கையாலேயே மூடிக்கொண்டு, ஆறு பக்கம் வாசித்தது. ஒரு இடத்தில் நின்றது, எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பார்த்தது, சேர்த்தது, மேலே போனது. சென்றாயன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பவர் இல்லாத கண்ணாடியையும் துடைத்துக்கொண்டான்.

"எல்லாம் உன் உபயம்மா" என்றான் சுசித்ராவிடம்.

"பாப்பா ரெண்டாவது மாசமே படிக்க ஆரம்பிச்சிடுச்சிங்கண்ணா. அக்காதான் இன்னும் கொஞ்ச நாள் வரச் சொன்னாங்க."

"எதுக்கு?"

சுசித்ரா தலையைக் குனிந்துகொண்டது. இந்தத் தடவை சென்றாயன் பார்த்தான். அது சிரித்துக்கொண்டிருந்தது.

பானுமதி சமையலறையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தாள். "ஸ்டூடண்ட்டுக்குப் பரீட்ச வைக்கலியா கலை?"

வெங்கடாசலம் கொடுத்த காலிப் பாக்கெட். தலைப்பாகை விவசாயி கசங்கிப்போய்ச் சிரித்தான். சென்றாயன் விரல் வைத்தான். கே... ப்... சி... விரல் நடுவிலேயே நின்றுவிட்டது. குடைமிளகாயின் இங்கிலீஷ் பெயரைக் கம்பெனிக்காரன் பாக்கெட்டின் பாதி அளவுக்கு எழுதியிருந்தான்.

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?" என்று சீறினான். "நாலு மாசமா தெரிஞ்சிகினே என்னை நடிக்க வுட்டியா? பெத்த பொண்ணு கையில ஸ்கேல் குடுத்து... நான் ஒரு ஆம்பள, ஒரு கடைக்காரன்..."

"நாலு மாசமாவா?" என்றாள் பானுமதி.

உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வரும்போது கையில் ஒரு பழைய பேப்பர். மஞ்சளாகிப்போன இங்கிலீஷ் பேப்பர்.

"பொம்மிடியில எங்க வூட்டு நாற்காலியிலயே வுட்டுட்டு வந்துட்டீங்க. நாந்தான் எடுத்து வெச்சன். அன்னிக்கு நீங்க விரிச்சிப் புடிச்சிருந்த பக்கம் இதுதான். வெளிப்பக்கம் எங்களுக்குத் தெரிஞ்சிது. உள்பக்கம் காபி குடுக்கறப்ப குனிஞ்சேனே, அப்ப பாத்தன்."

சென்றாயன் வாங்கினான். பக்கம் முழுக்க ஒரே விளம்பரம். படம் இருந்த இடத்தில் கலைமதி ஓடிவந்து உள்ளங்கையை வைத்து மூடியது.

"வெரல் வெச்சிப் படிப்பா."

விரல் வைத்தான். "லே... டீஸ்... நை... ட்டி..." அடுத்த வரி. "டூ... பை... இல்ல, பை டூ... கெட்... ஒன்... ஃப்ரீ."

சுசித்ரா முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சே ஏண்டி என்னைக் கட்டிகின?" கோபமாகத்தான் ஆரம்பித்தான். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாம் எங்கப்பாகிட்ட நெலம் எவ்ளோன்னுதான் கேட்டாங்க. என்னைப் பாத்து பயந்து பேப்பர் வாங்கியாந்தவரு நீங்க ஒருத்தருதான்."

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. அன்றைய ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் பேப்பர் பொத்தென்று கூடத்தில் வந்து விழுந்தது. பானுமதி அதை எடுத்து, தூசி தட்டி, அவன் மடியில் வைத்தாள். காபியைப் பக்கத்தில் வைத்தாள். பத்து வருஷமாகக் கேட்ட அதே மரியாதையோடு கேட்டாள்:

"ஒலக நெலவரம் எப்படிங்க?"